சாதாரணத் தீவனம்

அன்று அலுவலக அறையில் ஏழு பேர் இருந்தோம். மின்விசிறி ஒன்றுதான். அதுவும் ஒரு பக்கமாகத்தான் காற்றை விடும். அந்தப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு மரியாதைச் சிக்கல் உண்டு. அன்று மீன் வளர்ப்போர் சங்கச் செயலாளர் வந்திருந்ததால் அவரை அங்கே உட்கார வைத்தோம். அவருக்கு எதிரே, மேசைக்குப் பின்னால், நான். என் வலப்பக்கம் என் தம்பி. அவனுக்குப் பக்கத்தில் மடியில் ஒரு கோப்போடு அவன் மகள், மீன்வளம் படித்தவள். சுவரோரம் எங்கள் வண்டி ஓட்டுநர். கதவுக்கு அருகில், உட்காரச் சொல்லியும் உட்காராமல், எங்கள் ஆலையில் தீவனம் கலக்கும் ஆள், துடுப்பு என்று பட்டப்பெயர். தம்பி மனைவி தேநீர்த் தட்டோடு நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அவளையும் சேர்த்தால்தான் ஏழு.

இத்தனை பேரையும் முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. அந்த அறையில் நடந்ததைப் பற்றி இப்போது வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. நான் இருந்தேன். நடந்தது மட்டுமல்ல, அது ஏன் நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். இதை எழுதித் தரும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை, என்னிடம் அப்படிக் கேட்கக்கூடியவர் யாரும் இல்லை. நானாகவே எழுதுகிறேன். செயலாளர் இதைச் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவருக்கு நடுநடுவே இருமுகிற வழக்கம் உண்டு. இருமலை முதலிலேயே முடித்துக்கொண்டு படிக்கட்டும்.

எங்கள் தீவன மூட்டையை நீங்கள் எல்லோரும் வாங்கியிருக்கிறீர்கள். பழுப்பு நிறச் சாக்கு, நடுவில் வட்டத்துக்குள் என் தகப்பனாரின் முகம். கழுத்தை நிமிர்த்தி, நேராகப் பார்க்கும் முகம். பன்னிரண்டு குளங்களையும் ஒரு தீவன ஆலையையும் உண்டாக்கிவிட்டு அவர் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, தம்பிக்கு நான்கு. அவனுக்குச் சட்டைப் பித்தான் மாட்டியது நான். சைக்கிள் பழக்கியது நான். காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் மடியில் வைத்திருந்தது நான். பெண் பார்த்து முடித்ததும் நான்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை எனக்குத் தெரிந்ததும் இல்லை. இதை எல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது வரிசையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடர்ந்து இரண்டு கோடைகளில் எங்கள் குளங்களில் கெண்டை செத்தது. உங்கள் குளங்களிலும் செத்தது. நீர் சூடேறினால் மீன் திணறும், திணறினால் சாகும். இது வெயில் செய்த காரியம். தம்பி மகள் அப்படி நினைக்கவில்லை. செத்த மீன்களைப் பலகையில் வரிசையாகப் போட்டு, முதுகு வளைந்தவற்றைத் தனியாக, துடுப்புச் சிறகில் இரத்தம் கட்டியவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தாள். ஒரு குறிப்பிட்ட வைட்டமினை மீன் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ளாதாம். தீனியில் கொடுத்தால்தான் உண்டாம். சூட்டில் தவிக்கும் மீனுக்கு அது இரண்டு மடங்கு வேண்டுமாம். எங்கள் ஆலையில் மாவை நீராவியில் வேக வைக்கும்போது பாதி போய்விடுகிறதாம், தகரக் கிடங்கில் அடுக்கி வைத்த ஒரு மாதத்தில் மீதியும் போய்விடுகிறதாம். இதை எல்லாம் அவள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

நான் அவளிடம், தாத்தாவின் தீவனம் சம்பாதித்துக் கொடுத்ததில்தான் நீ படித்தாய் என்பதைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன்.

"தாத்தா தீவனத்தைத் தின்னுதான் நீ இவ்வளவு வளர்ந்த."

"தாத்தா தீவனத்த மீன்தான் பெரியப்பா தின்னுச்சு. நான் சோறு தின்னேன்."

தம்பி சிரித்தான். பெண் குழந்தை விளையாட்டாகப் பேசுவது வேறு. அவன் சிரித்தது வேறு. நான் கை கழுவ எழுந்தபோதும் அவன் சிரிப்பு முழுதாக அடங்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் நான் கண்ணில் புரை எடுக்கப் போனேன். பன்னிரண்டு நாள் வீட்டில் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது ஆலைக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகை வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. உள்ளே எட்டு சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளக் கெண்டைக் குஞ்சு நூறு. ஒவ்வொன்றிலும் ஒரு ஹீட்டர். கோடையில் குளம் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு சூடு, முப்பத்துநான்கு டிகிரி, இரவும் பகலும். இடப்பக்கத்து நான்கு தொட்டிகளுக்கு வைட்டமின் சேர்த்த தீவனம். வலப்பக்கத்து நான்கிற்கு நம் தீவனம். எட்டு வாரம் கழித்து எதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பது. முடிவு அவள் சொன்னபடி வந்தால் அந்தக் கோடை முதல் பழைய மூட்டையை வாங்குவதில்லை என்று சங்கம் தீர்மானம் போடும். அதற்கு மனுக் கொடுத்தவன் என் தம்பி. எங்கள் மூட்டையை நிறுத்துவதற்கு எங்கள் வீட்டிலிருந்தே மனு. குடும்பத்தின் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தான். என் கையெழுத்து வேண்டியிருக்கவில்லை.

வைட்டமின் தீவனத்துக்குப் புது வெள்ளைச் சாக்கு வாங்கியிருந்தார்கள். நம் தீவனம் நம் சாக்கிலேயே இருந்தது. அடையாளத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், தகப்பனாரின் முகத்தின் மேல். அதில் பெரிய எழுத்தில் 'சாதாரணத் தீவனம்' என்று இருந்தது.

யார் ஒட்டியது என்று கேட்டேன்.

"நான்தாண்ணே," என்றான் தம்பி. "அந்த எடந்தான் தட்டையா இருந்துச்சு."

கண்ணில் மருந்து விடும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போனேன்.

துடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயதில் எங்கள் ஆலைக்கு வந்தவன், நாற்பது வருடம் இருந்தான். ஒல்லியாக, உயரமாக, எந்நேரமும் கையில் மரத் துடுப்பை வைத்துத் தீவனத்தைப் புரட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. வைட்டமினைச் சேர்க்கும் வேலை அவனுடையது. வேக வைக்கும்போது போட்டால் சூட்டில் அழிந்துவிடும் என்பதால், குருணை ஆறிய பிறகு, எண்ணெயில் கரைத்து மேலே தெளித்து, ஒவ்வொரு மணியிலும் படும்படி புரட்ட வேண்டும். வாரத்துக்கு ஐந்து உறை. சனிக்கிழமைதோறும் அந்த வாரத்துக்கானதைக் கலந்து இரண்டு மூட்டையாகக் கட்டி வைப்பான். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மருந்தை, எந்தச் சத்தைக் கலந்தாலும் காலி உறையை எறிய மாட்டான். இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கம்பியை வளைத்து மாட்டி அதில் வரிசையாகக் குத்தி வைப்பான். அது என் தகப்பனார் வைத்த முறை. "போட்டேன்னு வாயால சொல்லாத. காலி உறையைக் காட்டு" என்று புதிதாக வேலைக்கு வந்தவனிடம் அவர் சொன்னதை அவன் நாற்பது வருடம் காப்பாற்றினான்.

கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. தினமும் காலையில் செத்த குஞ்சுகளை எண்ணி எழுதுவார்கள். மூன்றாவது வாரக் கடைசியில் நான் போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் முப்பத்தொன்று. இடப்பக்கம் ஆறு. மூன்று முறை படித்தேன். புரை எடுத்த கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கரும்பலகைக்குப் பக்கத்தில் தம்பி மகள் கையால் எழுதிய ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'வெள்ளை மூட்டைகளை வெயிலில் வைக்காதீர்கள். சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் வைட்டமினுக்கு ஆகாது.' ஒரு பொருளை எப்படிக் காக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினால், அதை எப்படிக் கெடுக்கலாம் என்றும் எழுதி ஒட்டியதாகத்தான் ஆகும். படித்த பிள்ளைகளுக்கு இது தோன்றுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. தம்பி குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவான். துடுப்பு மட்டும் தொட்டிகளுக்குத் தீனி போட வருவான். நான் அவனைக் கூப்பிட்டு இரண்டு வெள்ளை மூட்டைகளையும் கிடங்கின் தாழ்ந்த தகரக் கூரைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அங்கே கறுப்புத் தார்ப்பாய் விரித்து வைத்திருந்தேன். அப்போது கோடை இன்னும் தொடங்கவில்லை என்றாலும் ஒன்பது மணிக்கே அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது.

"ஐயா, பாப்பா வெயில் ஆகாதுன்னு எழுதி ஒட்டியிருக்குங்களே," என்றான்.

"ஈரம் தட்டியிருக்கு. பூஞ்சை பிடிச்சா மொத்தமும் போயிரும்."

அவன் ஒரு குருணையை எடுத்து நகத்தால் நசுக்கினான். அது மொறுமொறுவென்று பொடிந்தது. பொடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் சொல்றேன்ல," என்றேன்.

"சரிங்க."

மூட்டைகளைக் கொட்டி, விரல் கனத்துக்குப் பரப்பினான். அரை மணிக்கு ஒரு முறை ஏறி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெயில் படும்படி துடுப்பால் புரட்டினான். நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய அவனுக்கு வராது. நான்கு மணிக்கு அள்ளி, அதே மூட்டைகளில் கட்டி, அதே இடத்தில் வைத்தான். இப்படி ஐந்து ஞாயிறு.

ஆறாவது வாரத்திலிருந்து இடப்பக்கமும் சாகத் தொடங்கியது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில வளைந்து போய், தன் வாலையே தேடுவதுபோல் சுற்றின. எட்டாவது வாரம் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் செத்தது வலப்பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, இடப்பக்கம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. தம்பி மகள் அழவில்லை. மூன்றாவது தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கையைத் தண்ணீருக்குள் விட்டபடி வெகுநேரம் இருந்தாள். ஒரு குஞ்சு அவள் விரலில் வந்து சாய்ந்துகொண்டது. நான் அவள் தலையில் கை வைத்து, புத்தகத்தில் இருப்பதெல்லாம் தண்ணீரில் நடக்குமா என்று ஆறுதல் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். தகப்பனார் முகத்தின் மேல் ஒட்டிய தாளை அன்றே என் கையால் உரித்தேன். பசை ஒட்டியிருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவள் முடிக்கவில்லை. முதல் மூன்று வாரம் அவ்வளவு வித்தியாசம் இருந்தது, பிறகு அது எங்கே போயிற்று என்பதையே பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை மூட்டையின் அடியில் மிஞ்சியதை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். வைட்டமின் இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

அன்று சாப்பிடும்போது நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "கலந்தாத்தானே இருக்கும்." துடுப்பு என்ற பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. இதை யாரும் மறுக்க முடியாது. மறுநாள் வண்டியில் போகும்போது ஓட்டுநர் தன் போக்கில், இந்த வெயிலில் கோழிப் பண்ணைக்காரர்களும் இதே வைட்டமினைத் தேடி அலைகிறார்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறான். "கோழிக்குத்தாங்க இப்ப ராஜ உபசாரம். பொட்டலம் பொட்டலமா வாங்கிக் கரைச்சு ஊத்துறான்." இரண்டையும் சேர்த்து, துடுப்பு அதை விற்றுவிட்டான் என்று முடிச்சுப் போட்டது என் தம்பியின் புத்தி. நான் அல்ல.

தம்பி மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அவனைத் துடுப்பு மாமா என்றுதான் கூப்பிடுவாள். வேலை செய்கிறவனை முறை வைத்துக் கூப்பிடுவது நல்லதில்லை என்று சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

"மாமா உறையை எறியவே மாட்டாருப்பா. கம்பியில நாப்பது இருக்கும். நாளைக்குச் செயலாளர் வர்றாருல்ல, அவர் முன்னாலயே எண்ணிடலாம்."

மறுநாள் காலை, ஆலை திறக்கும் முன் நான் போனேன். கம்பி அதன் இடத்தில் இருந்தது. எண்ணினேன். எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து. சரியாக நாற்பது. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூடக் கோணலாகக் குத்தப்படவில்லை. உருவி எடுத்து, குருணை உலர்த்தும் அடுப்பில் போட்டேன். உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ள உறைகள் எளிதில் எரியாது, சுருண்டு உருண்டையாகும். எல்லாம் கரியாகும் வரை ஒரு கோலால் கிளறிக்கொண்டு நின்றேன். கம்பி நல்ல கம்பி, வீணாக்க மனமில்லை. வடக்குக் குளத்து வேலிக் கதவில் தாழ்ப்பாள் போன இடத்தில் முறுக்கிக் கட்டினேன்.

இனி அந்த அறை. செயலாளர் கேட்டார், துடுப்பு பதில் சொன்னான். எல்லாம் போட்டேன், உறை நாற்பதும் கம்பியில் இருக்கிறது என்று சொல்லி எடுத்து வரப் போனான். அவன் நடந்த வேகத்தைப் பார்த்து, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி போகிறான் என்று ஓட்டுநர் மெல்லச் சொன்னான். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது இரண்டு கையும் வெறுமனே தொங்கின.

"அங்க இல்லைங்க."

"இல்லன்னா எங்கய்யா போகும்?" என்றார் செயலாளர். "கோழி கொத்திட்டுப் போயிருச்சா?"

ஓட்டுநர் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. துடுப்பு செயலாளரைப் பார்க்கவில்லை, என் தம்பியையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, நீங்க சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. தகரம், தார்ப்பாய், எதையும் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தான். தம்பி மகளும் என்னைப் பார்த்து, "பெரியப்பா?" என்றாள்.

இந்த இடத்தில் என் மனநிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாற்பது வருடம் எங்கள் வீட்டை நம்பி வாழ்ந்தவன், ஒரு வெளியாள் முன்னால், என்னைச் சாட்சிக்கு இழுக்கிறான். தம்பி முதுகில் குத்தினான், அதைத் தாங்கிக்கொண்டேன். இவனும் இப்படிச் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கசக்கிறது.

"எனக்கு இப்பத்தான் கண்ணே தெரியுது," என்றேன். "நான் என்னத்தப் பார்த்தேன்."

பிறகு, வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நானே சொன்னேன். அதைத் தம்பியைச் சொல்ல விடவில்லை. அவன் இளகிவிடுவான். துடுப்பு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டான். நிலைப்படியில் நின்ற தம்பி மனைவி வழிவிட்டாள். வெளியே கால் வைத்தவன் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, தம்பி மகளிடம் சொன்னான்:

"தொட்டிக்கு மத்தியானத் தீனி இன்னும் போடல பாப்பா."

சோதனை செல்லாது என்று சங்கம் எழுதிக்கொண்டது. பழைய மூட்டையே தொடரட்டும் என்றும் எழுதிக்கொண்டது. அந்தக் கோடையில் எங்கள் பன்னிரண்டு குளங்களில் ஏழில் மீன் மிதந்தது. உங்களில் பலருக்கு அதைவிட அதிகம் என்று கேள்விப்பட்டேன். கோடை என்றால் அப்படித்தான்.

சங்கத்தில் இருக்கும் பதினொரு பண்ணைக்காரர்களுக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'கை சுத்தமில்லை' என்று இரண்டே சொல் சொன்னேன். ஒரு பண்ணையில் திருட்டு நடந்தால் மற்றவர்களை எச்சரிப்பது பெரியவர்கள் கடமை. இல்லாவிட்டால் அவன் உங்களில் யாரிடமாவது வேலைக்குச் சேர்ந்திருப்பான், தீவனம் புரட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் ஏதாவது சொல்லியிருப்பான். யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் வார்த்தைக்கு அந்த மதிப்பு இருந்தது.

அறுபது வயதில் அவன் செங்கல் சூளையில் சுமை தூக்கப் போனான். பத்தொன்பதாம் நாள், நண்பகலில், தலையில் எட்டுச் செங்கலோடு உட்கார்ந்தான். இறக்கி வைத்துவிட்டுத்தான் சாய்ந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது உடம்பு தொட முடியாதபடி கொதித்ததாம். நான் போய்ப் பார்த்தேன். சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது அழகில்லை. அவன் மனைவி என்னை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள்.

"கடைசி வரைக்கும் உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசலைங்க," என்றாள்.

பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு எல்லாம் தெரியும் போலவும் இருந்தது, ஒன்றுமே தெரியாது போலவும் இருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். அவன் குடித்துவிட்டு வெயிலில் விழுந்தான் என்று பிறகு சிலர் பேசினார்கள். அவன் குடிக்கிறவன் இல்லை. அதை அப்போதே மறுத்துச் சொல்லியிருக்கலாம். என் வேலை என்று தோன்றவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. போன மாதச் சங்கக் கூட்டத்தில் தம்பி மகள் எழுந்து பேசியபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், தன் சோதனை தோற்றதை மறைக்க ஒரு ஏழையைக் காவு கொடுத்தவள் என்று அவள் காதில் விழும்படி சொன்னாராம். உறையை ஒளித்து வைத்தவளே அவள்தான் என்றும் பேச்சு இருக்கிறதாம். அவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டுப் பெண்ணை, என் தகப்பனாரின் பேத்தியை, ஒருவன் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. என் தம்பியும் ஒன்றும் செய்யவில்லை. துடுப்பு எதையும் விற்கவில்லை. தீவனத்தை வெயிலில் போட்டது நான். உறைகளை எரித்தது நான்.

உங்களுக்கு எழுதும் முன் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்பதால் போன வாரம் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தம்பி மகள்தான் முதலில் கேட்டாள்.

"எத்தனை இருந்துச்சு?" என்றாள்.

"நாற்பது."

"நாப்பதும் இருந்துச்சா," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாள்.

தம்பி அப்படியே இருந்தான். அவனைத் திட்டி அடித்து வளர்த்தவன் நான், அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அந்த வைட்டமின்ல ஒண்ணும் இல்லன்னா, அத எதுக்குண்ணே காய வச்ச?"

வயதில் சின்னவன் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அதன் பிறகு அவர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. தம்பி மனைவி என் சாப்பாட்டை மாடிப்படியின் மேல்படியில் மூடி வைத்துவிட்டுப் போகிறாள். குழம்பில் உப்புக் குறைந்தால்கூடச் சொல்ல ஆள் இல்லை. யாருக்காகச் செய்தேனோ அவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் எனக்குக் கிடைத்தது. புது மூட்டை அச்சடித்துவிட்டார்கள். வெள்ளைச் சாக்கு, அதில் எந்த முகமும் இல்லை. தகப்பனார் முகம் உள்ள பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி என் அறையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

இந்த அறையில் பகலில் உட்கார முடியவில்லை. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் செங்கல் சூளையில் இந்த ஆண்டு பத்து மணிக்கே வேலையை நிறுத்திவிடுகிறார்களாம், மனிதர்களால் நிற்க முடியவில்லை என்று. அந்தப் புத்தி அவர்களுக்குப் போன ஆண்டே வந்திருக்கலாம். துடுப்பின் சாவுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். இந்தக் கோடையில் எங்கள் குளங்கள் பன்னிரண்டிலும் கெண்டை சாகாமல் இருப்பதற்கு, இந்த ஆண்டு தம்பி தீவனத்தில் சேர்க்கத் தொடங்கிய அவன் மகளின் வைட்டமின்தான் காரணம் என்று சந்தை வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. இந்த ஆண்டு வெயில் குறைவு.